நூற்றிருபது முள்

சூரைக்கு வெறி பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரேஸ்புரத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அதற்குத் தாய் தகப்பன் கிடையாது. வியாழக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் கையில் கம்பு.

சூரை என் நாய். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. குட்டியாகப் படகுக்கு அடியில் சுருண்டு கிடந்தபோது சூரை மீன் மாதிரியே இருந்தான் என்று என் மகள் ஷெர்லி வைத்த பெயர். ஐந்து வருஷமாக என்னோடு கடலுக்கு வருகிறான். படகின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தால் கரை திரும்பும்வரை இறங்கமாட்டான். அவனை ‘அது’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பொதுவாகவே எனக்குப் பொறுமை கம்மி. என் பெயர் சிலுவை; சிலுவையின் வாய்க்குப் பயந்து கடலே உள்வாங்கும் என்று மீனவர் சங்கத்தில் கேலி பேசுவார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை மதியத்திலிருந்து அவனுக்கு வாய் மூடவில்லை. தாடை தொங்கியது, எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. சோறு வேண்டாம், மீன் தலை வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போய் இருட்டில் படுத்துக்கொண்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஐஸ் கம்பெனிப் பக்கம் ஊர்பேர் தெரியாத ஒரு நாயோடு சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தான். அந்த நாய் நாலாம் நாள் செத்துக் கிடந்ததாக இப்போது எல்லாரும் சொன்னார்கள். போன வருஷமே அவனுக்குத் தடுப்பூசி போடச் சொன்னார்கள். போடலாம், போடலாம் என்று விட்டவன் நான்தான்.

இதெல்லாம் தெரியாமல் புதன் சாயங்காலம் ஷெர்லி, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அவன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். பல் கீறி விரலில் ரத்தம். அதை என்னிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை, வாசலில் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அழுதுகொண்டே விரலைக் காட்டினாள். பதினாறு வயசுப் பெண்.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் விளாத்திகுளத்தில் ஆட்டுக்குத் தடுப்பூசி முகாமில் இருந்தார்.

“மொதல்ல பிள்ளைய இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கையச் சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க, ஊசி போடணும், ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது” என்றார். “நாயத் தனி அறையில பூட்டி வைங்க. வாய்க்குள்ள எதுவும் மாட்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், வெறி நோய்க்கும் இப்படித்தான் இருக்கும். பாத்தாத்தான் தெரியும். யாரும் அது வாய்க்குள்ள கை விடாதீங்க. மூணு மணிக்கு நான் வாரேன்.”

என் மனைவி ஹில்டா ஷெர்லியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் சூரையை வலை வைக்கும் அறையில் விட்டுப் பூட்டினேன். கூப்பிட்டதும் வந்தான். கதவைச் சாத்தும்போது என் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வை புத்தி மாறின பார்வையா, எப்போதும் பார்க்கிற பார்வையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வருஷம் பழகிய முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குச் சங்கத் தலைவர் தேவபிரசாதம் அண்ணாச்சி உள்ளே வந்தார். நல்ல மனுஷன். அவருடைய பேரப்பிள்ளை இரண்டு பேர் எங்கள் தெருவில்தான் விளையாடுவார்கள்.

“சிலுவை, நான் ஒன்னய வற்புறுத்தல. ஆனா பள்ளிக்கூடம் இன்னைக்கு அரை நாள். பிள்ளைக எல்லாம் ஒரு மணிக்குத் தெருவுக்கு வந்துரும். ஒன் கதவு தகரக் கதவு. அது முட்டி வெளிய வந்துட்டா யாருலே பொறுப்பு?”

‘அது’ என்றார். நான் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் தூண்டில் பெட்டி என் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை கடலுக்குப் போக இரை குத்தித் தயாராக வைத்திருந்தேன். துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டை ஏற்றிவிட்டார்கள். சாயங்காலமே இறக்கிவிடுவார்கள் என்று நம்பி, இரையைக் கழற்றாமல் பெட்டியைக் குசினியில் அடுப்பு ஓரம் வைத்துவிட்டேன். கூண்டு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாற்றம் தாங்காமல் ஹில்டாதான் இரையைக் கழற்றிப் போட்டாள். சூரை இரையைத் தொடுகிற நாய் இல்லை, படகில் காலடியில் கிடந்தாலும் முகரமாட்டான். ஆனாலும் அழுகிய சாளை மீன், இரண்டு நாள் வாசனை. மனுஷனுக்கே புத்தி மாறும்.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பொறுங்க” என்றேன். “பெட்டியில நூத்தி இருபது தூண்டில் முள்ளு. ஒண்ணு கொறஞ்சாலும் அவன் வாய்க்குள்ள முள்ளுதான் இருக்கு. வெறி இல்ல.”

பெட்டியின் விளிம்பில் சுற்றிக் கட்டிய கயிற்றில் முட்களை வரிசையாகக் குத்தி வைப்பது வழக்கம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழ நைலான் நரம்பு தாய்க்கயிற்றுக்குப் போகும். முள்ளைத் தின்றால் நரம்பு கடிபட்டு அறுந்திருக்கும், மறைக்க முடியாது. நான் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மாதாவே, ஒண்ணு குறையட்டும், ஒண்ணே ஒண்ணு. நூற்றுப் பத்தொன்பதில் விரலை நிறுத்தினேன். அதற்கு அடுத்து ஒரு முள் இருந்தது.

மறுபடி எண்ணினேன். நூற்றிருபது. அண்ணாச்சியும் எண்ணினார். நூற்றிருபது.

டாக்டர் மூன்று மணிக்கு வருவார் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்குள் ஷெர்லியின் விரல்தான் நின்றது. அதற்குப் பிறகு என்னால் அந்தத் தகரக் கதவைப் பார்க்க முடியவில்லை. உள்ளிருந்து சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

“கொண்டு போங்க அதை” என்றேன்.

என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது.

என் அக்காள் மகன் அமலன் என் படகில் வேலை செய்கிறவன். “வேற யாரும் அடிச்சுக் கிடிச்சுக் கொல்ல வேண்டாம் மாமா, நானே கொண்டு போறேன்” என்றான். அவன் கூப்பிட்டதும் சூரை மீன் வண்டியில் தானாக ஏறினான். கடலுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பான். வண்டி ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய படகுகளை உடைத்துப் போட்டிருக்கும் இடத்துக்குப் போனது. நான் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

கால் மணி நேரம் இருக்கும். ஆட்டோ சத்தம். ஹில்டாவும் ஷெர்லியும் வந்துவிட்டார்கள். ஷெர்லி நேராக வலை அறைக்கு ஓடினாள். கதவு திறந்து கிடந்தது.

“எங்கப்பா சூரை?”

நான் ஹில்டாவைப் பார்த்துச் சொன்னேன். “முள்ளை எண்ணிப் பாத்தாச்சு. நூத்தி இருபதும் இருக்கு. அவன் ஒண்ணும் முழுங்கல. அமலன் கொண்டு போயிட்டான்.”

ஹில்டா பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பதறிவிட்டேன்.

“அதுல ஒண்ணு நான் கட்டினது” என்றாள்.

“என்னளா?”

“செவ்வாக்கெழம இரையக் கழட்டும்போது ஒரு நரம்பு அறுந்து கெடந்தது. முள்ளக் காணோம். எங்கயோ விழுந்திருக்கும்னு தேடிப் பாத்தேன், கெடைக்கல. ஒங்க சாமான் பெட்டியிலருந்து புதுசு ஒண்ணு எடுத்துக் கட்டி வச்சேன்.”

பெட்டியைப் பார்த்தேன். எண்ணினேனே தவிர நான் பார்க்கவில்லை. எல்லா நரம்பும் பழுத்து மஞ்சளாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு நரம்பு புதுசாக, வெள்ளையாகப் பளபளத்தது. முப்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறவன் நான்.

அமலனுக்குப் போன் போட்டேன். மணி எங்கள் ஜன்னலிலேயே அடித்தது. சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஓடினேன். செருப்புப் போடவில்லை. தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு வந்துகொண்டிருந்தார்கள், அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடைப் பாலத்தில் நெஞ்சு அடைத்தது. சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. ஊரெல்லாம் கேலி பேசும் என் வாய், அன்றைக்குப் பார்த்துக் காற்றைத்தான் விட்டது. ஒரு நாய் கத்தும் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உடைந்த படகின் நிழலில் அமலன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். சூரையின் கழுத்தில் சுருக்குப் போட்டிருந்தது. கயிற்றின் மறுமுனை படகுக் கட்டைக்கு மேலாக வந்து அமலன் காலடியில் கிடந்தது. சூரை உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான்.

“கை வரல மாமா” என்றான் அமலன். அவன் அழுதிருந்தான். “கடைசியா ஒரு வாய் தண்ணி குடுப்போம்னு பாட்டில்லருந்து ஊத்தினேன். தண்ணியப் பாத்து ஓடல மாமா. நாக்க நீட்டிக் குடிக்கத்தான் பாக்கான். உள்ள போவல, எல்லாம் வெளிய வருது. அதான் இப்படியே உக்காந்திருக்கேன்.”

நான் சுருக்கைக் கழற்றினேன். அவசரத்தில் அது முதலில் இறுகத்தான் செய்தது. அவன் முனகவில்லை. வெயிலுக்குத் திருப்பி, வாயைத் தொடாமல், குனிந்து பார்த்தேன். தொங்கிய தாடைக்குள், நாக்கின் அடியில், மஞ்சளாக ஒரு நரம்பு இரண்டு சுற்றுச் சுற்றிச் சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. என் தூண்டில் நரம்பு, நானே போட்ட முடிச்சு.

இழுக்கவில்லை. முள்ளின் எதிர்நாக்கு சதையில் ஏறினால் இழுக்க இழுக்க உள்ளேதான் போகும், அது என் தொழில். மூன்று மணிவரைக்கும் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அமலன் கூட்டிவந்த டாக்டர் மயக்க ஊசி போட்டு, கத்தரித்து, முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“முள்ளு இருந்ததால மத்தது இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். “சண்டை போட்டிருக்கு, ஊசியும் போடல. பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க. பிள்ளைக்கு ஊசிய நிறுத்தாதீங்க.” பையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “காலையில மூணு மணின்னு சொன்னேனே.”

நான் முள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில், சூரையை வலை அறையில் கட்டிப் போட்டிருந்தோம். கதவைத் திறந்து வைத்து நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். குசினிக்குள் ஷெர்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹில்டா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவன் முன்னால் தள்ளி வைத்தேன். முகர்ந்தான். பிறகு மெதுவாக, வலியோடு, நக்கிக் குடித்தான். பாதி சிந்தியது, பாதி உள்ளே போனது. இன்னும் ஒன்பது நாள் இப்படிப் பார்க்க வேண்டும்.

“ஒரு முள்ளு போனத ஏன் சொல்லலளா?” என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் உள்ளே ஷெர்லி சட்டென்று சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு பாக்கெட் முள்ளை ஹில்டா தொலைத்ததற்கு நான் அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்திருந்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஹில்டா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நாய்க்கு வெறின்னு ஊரே சொல்லிச்சு. அதுகிட்ட போக நானும் பயப்படல, ஒங்க மகளும் பயப்படல” என்றாள். “முள்ளு போச்சுன்னு ஒங்ககிட்ட வந்து சொல்லத்தான் பயமா இருந்துச்சு. விரல்ல ரத்தம் வந்தத அவ ஏன் ராத்திரியே சொல்லலன்னு நெனைக்கிய?”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சூரை கயிறு எட்டும் மட்டும் நகர்ந்து வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தான். கழுத்தில் சுருக்கு இறுகின தடம் இன்னும் இருந்தது. அந்த வீட்டில் என்னைக் கண்டு பயப்படாதவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் கொண்டு போகச் சொன்னேன். காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஷெர்லி தட்டை இன்னும் விடவில்லை.