ரஹீனாவின் ‘காஷ்’

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ரஹீனா சொன்னது. கொஞ்சம் பாலிஷ் போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் அது தப்பில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓய்ந்த மாலையில், பித்தளை விளக்குகளின் நடுவே அவள்…’

(வேண்டாம். மழை நாளில் எவன் விளக்கு வாங்க வருகிறான்?)

2

விலை படியாவிட்டால் இங்கே எல்லோரும் ஆண்டவனைத் துணைக்கு இழுப்பார்கள். “அல்லா சத்தியமா முதலே வரலை!” ரஹீனாவும் இழுத்தவள்தான். கணவர் ஆஸிம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது நேர்ந்துகொண்டாள்: இவர் பிழைத்தால் வியாபாரத்தில் உன் பெயரை எடுக்க மாட்டேன்.

பிழைத்தார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரிகளிடம் பொறுக்கிய வெறும் சத்தம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நெஞ்சில் கைவைத்து, “ஓ மை காஷ், மேடம்!”

3

இங்கே விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். தாடி வைத்த பேராசிரியர் ஒருவரை… (அடித்துவிட்டேன்.) உண்மையில் வந்தது மரப்பெட்டிக்குப் பேரம் பேசிய இங்கிலீஷ் பாதிரியாரின் மனைவி. சிரித்துக்கொண்டே விளக்கினாள்: ‘காஷ்’ என்பது ‘காட்’டேதான். கடவுள் பெயரை வீணாகச் சொல்லக் கூடாதென்ற கட்டளைக்குப் பயந்து வாலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ‘ஜீஸ்’ என்பது இயேசு. ‘ஹெக்’ என்பது நரகம்.

(என் தகப்பனார் காலத்து மிளகுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அதே வேலை. மேலே துணி, கீழே முழு விலை.)

பெட்டி விற்றது. ரஹீனாவின் முகம் செத்துப்போயிருந்தது.

4

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னாள்: “இக்கா, இத்தனை நாளும் அந்தப் பேரைத்தான் விலைக்கு விட்டிருக்கேன்.”

“எடீ, படச்ச ரப்பு என்ன டிக்ஷனரி பாத்தா கணக்கு எழுதுறான்?”

“சிரிக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஸ்கேன்.”

“அர்த்தம் அறியாமச் சொன்னா பாவமாகுமா?”

“வாய்தான் அறியலை, இக்கா. கை அறியும். சத்தியம் பண்ற மாதிரியே நெஞ்சுல வச்சேனே.”

ஆஸிமின் சிரிப்பு அடங்கியது.

5

முடிவு ஒன்று: ஸ்கேன் சுத்தம், நேர்ச்சை பத்திரம். (சர்க்கரை தூக்கல்.)

முடிவு இரண்டு: ஸ்கேனில் ஒரு…

(நிறுத்திவிட்டேன். தண்டனை கொடுக்க நான் யார்?)

நடந்தவரை சொல்கிறேன், அன்று நானும் கடையில் இருந்தேன். ‘நீ கூட வந்தா எனக்குப் பேடி கூடும்’ என்று தன் பயத்தைச் சொல்லி ஆஸிம் அவளைக் கடையில் விட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனார். ஒரு பிரெஞ்சுக்காரர் விளக்கின் விலையைப் பாதியாக உடைத்தார். ரஹீனா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு “நோ” என்றாள்.

போன் அடித்தது. ஆஸிம்தான். அவள் கடைக்குள் எடுக்கவில்லை. படியிறங்கி, ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க, நடுத்தெருவில் போய் நின்றாள். அங்கே வியாபாரமில்லை, எந்தப் பெயரையும் முழுசாகக் கூப்பிடலாம். பிறகுதான் போனைக் காதில் வைத்தாள்.

பிரெஞ்சுக்காரரும் நானும் கடைக்குள்ளிருந்து பார்க்கிறோம். அவள் வாய் திறக்கிறது. எங்களுக்கு ஹாரன் மட்டும்தான் கேட்கிறது. நீங்கள் தெருவில் நிற்கிறீர்கள், அவள் பக்கத்திலேயே; அவள் கூப்பிடும் பெயர் உங்களுக்குத்தான் கேட்கும்.