டிரைவரின் சர்க்கரை நோட்டு

அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிற மனுஷனுக்கு ஊசியைக் கண்டால் குலை நடுங்கும் என்று வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? பெண்டாட்டிக்குத்தான் தெரியும். ரத்தத்தில் சர்க்கரையை அளக்கிற மெஷின் வீட்டுக்கு வந்த அன்று, விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தத்தைப் பார்த்ததும் ஆறடி ஆள் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் அதைக் கையில் எடுத்தாலே, "எனக்கு வேலை இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார்.

ஆனால் நோட்டு வேண்டுமே. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து தினமும் அளந்து, ஆறு மாதத்துக்கு எழுதின நோட்டைப் பார்த்தால்தான் இவர் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் டிப்போவில் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக வேறு வேலை தெரியாத மனுஷன் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால், அப்பப்பா, வீடு தாங்குமா! அவள் தன் விரலைக் குத்தி எழுத ஆரம்பித்தாள். ரத்தம்தான் பொய், எண்ணாவது நிஜமாக இருக்கட்டும் என்று மெஷின் காட்டியதை அப்படியே எழுதினாள். இதுதான் அவள் நேர்மை, என்னத்தைச் சொல்ல.

சாப்பாட்டில் மட்டும் ஏமாற்று வேலையே கிடையாது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் படம் போட்டுக் காட்டினபடி, அவர் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, கால் பங்குதான் சோறு. அவர் என்ன முறைத்தாலும் மேலே ஒரு கரண்டி விழாது. ஆனால் பழைய கணக்கிலேயே உலை வைத்து மிஞ்சுகிற சோறும், அவருக்கென்று யாராவது கொடுத்தனுப்புகிற கேக்கும் பிஸ்கட்டும் என்ன ஆவது? குப்பையில் கொட்ட மனசு வராது. எல்லாம் அவள் வயிற்றுக்குள் போனது. பாத்திரம் கழுவி நிமிரும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். வயசாகுது, வேறென்ன என்று விட்டுவிட்டாள். நோட்டில் நூற்றைம்பது நூற்றெண்பதாகி, இருநூற்று முப்பதைத் தொட்டபோதுகூட மெஷின் மேல்தான் சந்தேகப்பட்டாள்.

போன வாரம் லேப்பில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி அவர் ஒரு தடவை ரத்தம் கொடுத்திருந்தார். இன்றைக்கு அந்த ரிப்போர்ட்டோடும் நோட்டோடும் இரண்டு பேரும் ஆலோசனைப் பெண் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து பதினேழு பேருக்கு அதே தட்டுப் படத்தைக் காட்டிக் காட்டி அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"லேப் ரிப்போர்ட்ல மூணு மாச சராசரி அருமையா இருக்கு. நோட்டைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. எதைங்க ஐயா நான் நம்புறது?"

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கையைக் காட்டுங்க."

பத்து விரலிலும் ஒரு தழும்பு இல்லை. மனைவி தன் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. குத்தினது என் விரல்லதான். கையெழுத்தை மட்டும் நிறுத்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ரிப்போர்ட் நல்லா இருக்கு. நடந்ததைச் சொல்லி நானே டாக்டர்கிட்ட பேசறேன். போடுவாரு."

"பொழச்சோம்டா சாமி!" டிரைவர் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க ஐயா." அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். "அப்ப இந்த இருநூத்தி முப்பது அம்மாவோடதுதானே?"

அவள் மனைவிக்கென்று ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். வயசு கேட்டாள், எடை கேட்டாள். நாளைக்கே வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னாள். பிறகு, வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத் தலை நிமிராமல் கேட்டாள்.

"வீட்ல உங்களுக்குச் சமைச்சு, அளந்து தட்டுல வைக்கிறது யாரு? அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றாள்.