சாம்பு சாரின் டிரம்ஸுக்கு ஈடான ஆம்ப்

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். பாடுவது பிரதிபா அக்கா. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். டிரம்ஸ் சாம்பு சார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறார். கிதார் நான். பெயர் விஜய்குமார், ஊர் ஹனூர், மைசூரில் ஒரு விதைக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பழைய சினிமாப் பாட்டுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் பாடுவோம். சீமந்தம், பிறந்தநாள், குடியிருப்புச் சங்க ஆண்டுவிழா என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

ஒத்திகை நடப்பது சரஸ்வதிபுரத்தில், பிரதிபா அக்கா குடியிருக்கும் மாடியில். கீழே வீட்டுக்காரர். அவருக்குச் சத்தம் ஆகாது. திட்டவும் மாட்டார், மேலே ஏறி வந்து, வாசலில் நின்று, ஒன்றும் பேசாமல் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து சாம்பு சார் ஒவ்வொரு டிரம்மின் மேலும் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் போர்வையைப் போர்த்தித்தான் வாசிப்பார். பார்க்கிறவர்களுக்கு மெத்தைக்குப் பஞ்சு அடிப்பதுபோல இருக்கும். அக்காவும் தொண்டையைப் பாதிதான் திறப்பார். இவற்றுக்கு நடுவே, கிதாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், பெரிய டிபன் பாக்ஸ் அளவுள்ள என் பத்து வாட் ஆம்ப் கணீரென்று கேட்கும். நல்ல ஆம்ப் என்றே நான் நம்பியிருந்தேன்.

கச்சேரிக்குத் தலையணைகள் வருவதில்லை என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

குவெம்புநகரில் ஒரு சீமந்தம். நான் விரல் தேய வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த அம்மாள் பக்கத்து நாற்காலியிடம் கேட்டார்: "அந்தத் தம்பி எதுக்கும்மா அதப் பிடிச்சிட்டு நிக்குது? போட்டோவுக்கா?"

எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார்.

"விஜி, பேஜார் பண்ணிக்காதே. ஞாயித்துக்கிழமை கோகுலத்துல அந்த கஃபே இருக்கில்ல? நல்லா போனா மாசா மாசம் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. அங்கயும் உன் கிதார் கேக்கலைன்னா, எங்க சித்தி பையன் அர்ஜுன் கீபோர்டு வாசிக்கிறான், அவனைச் சேர்த்துக்கறேன்."

"அப்ப நானுங்க?"

"நீ வந்து உக்காந்து கேளு. உனக்குத்தான் பாட்டெல்லாம் மனப்பாடமாச்சே."

மைசூருக்கு வந்து ஐந்து வருடமாகிறது. வாரத்தில் ஆறு நாள் ராகி விதை, சூரியகாந்தி விதை. ஏழாவது நாள் இந்தக் குழு. அதை எடுத்துவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கஃபேயில் இருப்பது ஒரே மைக், அது அக்காவுக்கு. ஆகவே புது ஆம்ப் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எத்தனை வாட் வேண்டும் என்று முதலில் சாம்பு சாரிடம் கேட்டேன்.

"எங்காத்து மிக்ஸி எழுநூத்தம்பது வாட்," என்றார். "உன்னோடது பத்து. அதுல சட்னியே அரைக்க முடியாது. என்னோட டிரம்ஸை எப்படிடா ஜெயிக்கும்?"

மிக்ஸி குடிப்பது வேறு, ஆம்ப் கொடுப்பது வேறு என்று விளக்கினேன். "எல்லாம் ஒரே கரண்டுதானேடா," என்று முடித்துவிட்டார். பிறகு இணையத்தில் தேடினேன். பதினைந்து போதும் என்றார் ஒருவர். நூறுக்குக் குறைந்தால் வீண் என்றார் இன்னொருவர். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, ஸ்பீக்கரின் அகலத்தைப் பாருங்கள் என்றார் மூன்றாமவர். மூவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: எல்லாம் உங்கள் டிரம்மர் எப்படி அடிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

செருப்பு வாங்கக் காலைக் கொண்டுபோவதுபோல, ஆம்ப் வாங்க டிரம்மரைக் கொண்டுபோக வேண்டியதுதான். சனிக்கிழமை சாம்பு சாரை என் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, சயாஜி ராவ் சாலைக்குப் பின்புறம் இருக்கும் வாத்தியக் கடைக்குப் போனேன். பிரதிபா அக்காவும் வந்து சேர்ந்தார். கடைக்காரர் குருபிரசாத்.

"எத்தனை ஜனத்துக்கு முன்னால வாசிக்கறது?" என்று கேட்டார்.

"ஜனம் கொஞ்சந்தானுங்க. ஒரே ஒரு ஆளைத் தாண்டணும்." சாம்பு சாரைக் காட்டினேன்.

இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டு, கையில் குடை. குருபிரசாத் மேலும் கீழும் பார்த்தார். "இவரையா?"

கடையின் முன்பக்கம் விற்பனைக்கு ஒரு டிரம்ஸ் இருந்தது. சாம்பு சாரை அதில் உட்காரவைத்தோம். அவர் குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல டொக் டொக் என்று தட்டினார். கடையிலேயே மிகச் சிறிய ஆம்ப் அவரைச் சுலபமாக முழுங்கியது.

"பாத்தியா, இதுவே போறும்," என்றார்.

"சார், மேடையில அடிப்பீங்கல்ல, அப்படி அடிங்க."

"அடுத்தவா கடைடா. தோல் கிழிஞ்சுட்டா?"

"கிழியட்டும் சார், நான் பார்த்துக்கறேன்," என்றார் குருபிரசாத். அதற்குப் பிறகு சாம்பு சார் இன்னும் மரியாதையாக வாசித்தார்.

மேடையில் மட்டும் இந்த மனிதர் எப்படி மாறுகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. "அங்க யாராவது ஒருத்தர் அவரைக் கடுப்பேத்திடறாங்க, அவ்வளவுதான்," என்று என் காதில் சொல்லிவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி பேச ஆரம்பித்தார்.

"விஜி, போன வாரம் சாம்பு வீட்டுக்குப் போனேனா, காபி குடுத்தாங்க. பாதிக்குப் பாதி சிக்கரிப்பா."

டொக் டொக் நின்றது. "யார் சொன்னா சிக்கரின்னு?"

"நாக்கு சொல்லிச்சு சாம்பு."

"பியூர் பீபெரி!" டமார். "சிக்கமகளூர்லேர்ந்து வர கொட்டை!" டமார் டமார். "கனகலக்ஷ்மி தன் கையால வறுக்கறா!"

"வறுத்தது உங்க வீட்டம்மாவா? அதான் கருகின வாசனை."

அதற்குமேல் சாம்பு சார் வாயால் பேசவில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று உள்ளே எட்டிப்பார்த்தார்கள்.

"இப்பத்தான், இப்பத்தான்!" என்று நான் கத்தினேன். குருபிரசாத் ஆம்ப் ஒவ்வொன்றாக மாட்டிக்கொடுத்தார். சிறியது இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த முப்பது வாட், முழுக்கத் திருகியும் பாட்டிலுக்குள் மாட்டிய வண்டுபோல ரீங்கரித்தது. நூறு வாட்டை மாட்டினோம். அது சாம்பு சாரையும் மிஞ்சியது. சுவரில் மாட்டியிருந்த வீணைகள் யாரும் தொடாமலேயே சேர்ந்து அதிர்ந்தன. குருபிரசாத் முகம் மலர்ந்தது. ஆனால் அதில் சத்தத்தைக் கூட்டும் குமிழை ஒரு நூல் திருப்பினால் ஒன்றுமில்லை, இரண்டு நூல் திருப்பினால் பூகம்பம். கஃபேயில் காபிக் கோப்பைகள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கடைசியாக ஐம்பது வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். குமிழ் பாதியில் நின்றது. சாம்பு சாரின் ஆத்திரத்துக்கு நடுவிலும் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டன.

"இதுதானுங்க," என்றேன்.

"ஆய்து, முடிஞ்சுது, அவரை நிறுத்தச் சொல்லுங்க," என்றார் குருபிரசாத்.

அது எளிதாக இல்லை. அது நல்ல காபிதான், உண்மையில் இரண்டாவது டம்ளர் கேட்கத்தான் நினைத்தேன் என்று அக்கா மூன்று முறை சொன்ன பிறகே குச்சிகள் கீழே இறங்கின.

ஞாயிறு மாலை கோகுலம் கஃபேயின் பின்தோட்டத்தில் மேடை. யோகா வகுப்பு முடிந்து வந்த வெளிநாட்டுக்காரர்கள், நாய்க்குட்டியோடு வந்த குடும்பங்கள். பழைய ஆம்பைத் தரையில் வைத்ததால் சத்தமெல்லாம் என் முழங்காலுக்குத்தான் கேட்டது என்பதும் இதற்குள் புரிந்திருந்தது. புதியதை நாற்காலியில் ஏற்றி, பின்னால் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். வரும் வழியிலேயே யாரோ ஒரு கார்க்காரர் சாம்பு சாரைக் கடுப்பேற்றியிருந்தார். முதல் பாட்டிலிருந்தே முழு வேகம். இருந்தும் என் கிதார் கேட்டது. எனக்கே கேட்டது. நாய்க்குட்டிகூட என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது பாட்டுக்கு முன் அக்கா வழக்கம்போலத் தனியாகக் கொஞ்சம் ஆலாபனை செய்துவிட்டுப் பல்லவிக்கு வந்தார். நான் சேர்ந்துகொண்டேன். உடனே பல் கூசியது. முன்மேசைப் பெண் முகத்தைச் சுளித்தார். அக்கா பாடிக்கொண்டே திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கிதாரில் செருகியிருந்த சுருதி மானியைப் பார்த்தேன். பச்சை விளக்கு. கம்பிகள் சரி. அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்காரருக்குப் பயந்து பாதித் தொண்டையில் பாடும்போது அக்கா சுருதியிலேயே நிற்பார். மேடை கிடைத்து, துணையில்லாமல் முழுத் தொண்டையில் ஆலாபனை செய்தால் உற்சாகத்தில் அரைக்கட்டை மேலே ஏறிவிடுவார். எல்லாக் கச்சேரியிலும் ஏறியிருப்பார். கிதார் கேட்காதவரை அது யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஐம்பது வாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் விலகி நிற்பவன் நான் என்பதுபோலத் தெரிந்தது.

வாசிப்பதை நிறுத்தினால் போட்டோவுக்கு நிற்பவன் ஆகிவிடுவேன். அப்படியே தொடர்ந்தால் அர்ஜுன் வந்துவிடுவான். அடுத்த வரி வருவதற்குள் இடது கையை அப்படியே கிதாரின் கழுத்தில் ஒரு கட்டம், அதாவது அரைக்கட்டை, மேலே நகர்த்தினேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. முன்மேசைப் பெண் முகம் தெளிந்து காபியை எடுத்தார்.

இடைவேளையில் அக்கா வந்து என் தோளில் தட்டினார்.

"பார்த்தியா விஜி, நல்ல ஆம்ப் இருந்தா உன் தப்பு உனக்கே கேக்குது. முதல்ல விலகிப் போன. அப்புறம் நீயாவே சுருதியில வந்து உக்காந்துட்ட."

"ஆமாங்க்கா."

"அர்ஜுனுக்கு இப்பவே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்." போனோடு ஓரமாகப் போனார்.

சாம்பு சார் குச்சியால் என் முதுகைக் குத்தினார். அவர் வீட்டில் மூன்று பேர் வாய்ப்பாட்டு. காது பொய் சொல்லாது.

"ஏன்டா, ஏறினது அவதானே?"

"மெதுவாப் பேசுங்க சார்."

"எல்லாருக்கும் கேக்கணும்னுதானேடா இவ்வளவு பெரிய பொட்டி வாங்கினே? அவ பின்னாடி ஓடறதுக்கா?"

"ஓடினாத்தானுங்க சார் கூட இருக்க முடியும்."

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, போ. நான் டிரம்ஸ். எனக்கு சுருதியே கிடையாது."

கஃபே முதலாளி வந்து அடுத்த மாதத்துக்குத் தேதி கேட்டுவிட்டுப் போனார். அக்கா குதூகலமாக மைக்கைப் பிடித்தார். ஆலாபனை வழக்கத்தைவிட நீளமாகப் போனது. நான் ஆம்பின் குமிழைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இடது கையைக் கம்பிகளைத் தொடாமல் கிதாரின் கழுத்தருகே வைத்துக்கொண்டு, அவர் எங்கே இறங்குகிறார் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து சாம்பு சார், அக்காவுக்குக் கேட்காத குரலில், "முக்கால் கட்டைடா," என்றார்.

முக்காலுக்குக் கிதாரில் கட்டம் கிடையாது. ஒரு கட்டம் ஏறி, மீதிக்குக் கம்பியை இழுத்துப் பிடித்தேன்.