பச்சை நூல் போட்ட பித்தான்

ஓவியர்கள் தங்கள் கூடங்களை ஊருக்கே திறந்துவிடும் ஞாயிறு அது. நாத்தனார் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரியை மாடி மாடியாக இழுத்தடித்தாள். ஐந்து கூடம் பார்த்தும் தையல்காரிக்கு மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. "இவ்வளவு நல்ல துணியைப் பெயிண்ட் அடிச்சு வீணாக்கிட்டாங்களே" என்று மட்டும் அங்கலாய்த்தாள்.

ஆறாவது கூடத்தின் வாசலில் ஒரு நோட்டு. வருகிறவர்கள் பெயர் எழுத வேண்டும். தையல்காரி அழுத்தந்திருத்தமாக எழுதிவிட்டு உள்ளே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் அவள் தம்பி இருந்தான். இடது புருவத்தில் அதே தழும்பு. தலை மட்டும் நரைத்திருந்தது.

நரைக்கும்வரை தம்பி எங்கே இருந்தான்? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரயிலில் அடிபட்டுப் போனான். முகம் சிதைந்த உடலை அவள்தான் அடையாளம் காட்டினாள். சட்டை அவள் தைத்தது. கறுப்பு நூல் தீர்ந்துபோய், மூன்றாவது பித்தானுக்குப் பச்சை நூல் போட்டிருந்தாள். வேறு சோதனையும் செய்து பார்க்கலாம் என்றார் போலீஸ்காரர். "என் தையல் எனக்குத் தெரியாதா?" என்று ஒரே போடாகப் போட்டாள். வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? அடக்கம் முடிந்தது.

"இவரை போட்டோ பார்த்து வரைஞ்சீங்களா?" என்று கேட்டாள் தையல்காரி.

"போட்டோ பார்த்து வரையறதே இல்லைங்க. ஆள் எதிர்ல உக்காரணும்," என்றார் ஓவியர்.

நாற்காலிக்கு முன்னால், தரையில் இரண்டு பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. இடது பாதம் உட்பக்கம் திரும்பியிருந்தது. தம்பி உட்கார்ந்தால் அப்படித்தான் வைப்பான்.

"வாரா வாரம் வருவாரு. இன்னும் கை பாக்கி. நாலு மணிக்கு வந்துடுவாரு."

"தன்னைப் பத்தி ஏதாவது சொல்வாரா?"

"செத்துப்போனவன்னு சொல்வாரு," ஓவியர் சிரித்தார். "வீட்டுல கோச்சுக்கிட்டு வந்தவராம். ரூம்ல கூட இருந்த பையன் இன்டர்வியூவுக்கு இவரு சட்டையைப் போட்டுட்டுப் போயி ரயில்ல அடிபட்டுட்டானாம். இவரு வெளியூர்லேருந்து திரும்பறதுக்குள்ள அடக்கமே முடிஞ்சுபோச்சாம். 'அக்கா சொல்லியாச்சு, அதுக்கு மேல அப்பீல் கிடையாது'ம்பாரு. அப்படியே இருந்துட்டா நிம்மதின்னு தோணிச்சாம்."

நாத்தனாரின் கையிலிருந்து வரைபடம் நழுவியது. தையல்காரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், நெஞ்சு தாங்காத சந்தோஷம். அதன் பின்னாலேயே பயம் வந்தது. பன்னிரண்டு வருடமாக யார் பிள்ளைக்குப் பூ வைத்து அழுதாள்? அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகமில்லாத ஒருவன் தன் பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

படியில் காலடி கேட்டது. வாசலில் நின்றது. நோட்டின் தாள் புரளும் சத்தம். பேனா தாளில் கீறியது. பிறகு காலடி தடதடவென்று கீழே இறங்கியது.

"தம்பி!"

ஓடினாள். படி காலி. தெருமுனைவரை போய்ப் பார்த்தாள், யாரும் இல்லை. மூச்சிரைக்க மறுபடி மேலே வந்தாள்.

நோட்டில் அவள் பெயருக்குக் கீழே, மை காயாமல், தம்பியின் கோழிக்கிறுக்கல். எழுதியிருந்தது அவன் பெயரல்ல. அவள் கேள்விப்படாத ஒரு பெயர், ஒரு முகவரி. அதற்கும் கீழே:

"அவன் அம்மா இன்னும் தேடறாங்க அக்கா. எனக்குத் தைரியம் இல்லை. நீ சொன்னா நம்புவாங்க."