எழுபத்தொரு கிலோ

அறுபது கிலோ கம்பியைத் தரையில் வைத்த கையோடு, மூச்சுகூட வாங்காமல், "இன்னும் பதினொரு கிலோ போடுங்க மேடம்" என்றாள் மாத்திரை அக்கா.

பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. ஆறு வாரத்துக்கு முன்னால் இருபது கிலோ வெறுங்கம்பியையே முறைத்துக்கொண்டு நின்றவள் இவள். நாற்பத்தாறு வயது, ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு, மருந்துக்கடையில் வேலை. வந்த புதிதில் யாரோ தலைவலி என்று சொல்லப்போக, பையிலிருந்து அட்டையோடு மாத்திரையை எடுத்து நீட்டினாள். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் இந்த ஜிம்முக்கு இடுப்பைக் குறைக்க வருவார்கள், கல்யாணத் தேதிக்குள் கன்னத்தைக் குறைக்க வருவார்கள். மாத்திரை அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பியதே இல்லை. தரையிலிருந்து எடையைத் தூக்குவது ஒன்றைத்தான் கேட்டாள். அதை மட்டும் செய்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடிவிடுவாள்.

"பதினொண்ணெல்லாம் ஆகாதுக்கா. அடுத்த வாரம் ரெண்டரை போடலாம்."

"அடுத்த வாரம் லேட்டு மேடம்."

பயிற்சியாளர் கம்பியின் மேல் காலை வைத்துக்கொண்டாள். போன வருஷம் இப்படித்தான் ஒருவர் அவசரப்பட்டார், இவளும் தலையாட்டினாள். முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி, அவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். 'இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்கம்மா' என்று மேனேஜர் சாந்தமாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் மறந்திருப்பாள். அன்றிலிருந்து யார் முதுகு லேசாக வளைந்தாலும் கம்பியைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவாள்.

"எதுக்கு இந்த அவசரம்? போட்டி ஏதாவதா?"

மாத்திரை அக்கா உள்ளங்கையைத் துண்டில் துடைத்தாள். "வீட்டுக்காரர் எழுபத்தொரு கிலோ. ஆஸ்பத்திரில எடை போட்டாங்க. வாதம் வந்து வலது பக்கம் விழுந்து நாலு மாசம் ஆகுது. காலைலயும் சாயங்காலமும் கொழுந்தன் வந்து நாற்காலில தூக்கி உக்கார வைப்பாரு. அவருக்கு வெளியூர் மாத்தல் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை கெளம்பறாரு."

அன்று வியாழன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா சேத்திருப்பீங்களா?"

சேர்த்திருக்கமாட்டாள். அது இருவருக்குமே தெரிந்தது. கம்பிக்குப் பிடிமானம் உண்டு, நடுமையம் உண்டு, கோபதாபம் கிடையாது. மனிதனைத் தூக்குவது வேறு வித்தை. ஆறு வாரமாகத் தப்பான பாடத்தை எவ்வளவு சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று பயிற்சியாளருக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தரக் கூடாது என்பது அந்த இடத்தின் சட்டம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பயிற்சியாளர் போனாள். தெரிந்த பிசியோ ஒருவரிடம் போனில் துருவித் துருவிக் கேட்டு, தன் அண்ணனையே கட்டிலில் உட்காரவைத்து நாலு தடவை தூக்கிப் பார்த்திருந்தாள். கையில் அகலமான இடுப்பு வார் ஒன்று.

இரண்டாவது மாடி. ஜன்னலை ஒட்டி, ஆனால் ஜன்னலுக்குக் கீழாகத் தாழ்ந்த கட்டில். பக்கத்தில் சக்கர நாற்காலி; எதில் இருந்தாலும் தெரு கண்ணுக்கு எட்டாது. ஆள் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"யாரு... இது?" வார்த்தை ஒரு பக்கமாக வழுக்கி வந்தது.

"தூக்கச் சொல்லித் தர வந்திருக்காங்க."

"தம்பி... வரட்டும்."

"தம்பி இனிமே வரமாட்டாருங்க."

"அப்ப கெடக்கறேன்."

"இருவது வருஷம் ஒருத்தனையும் முந்த விட்டதில்ல மேடம் இந்த மனுஷன். இப்ப என் கையில ஏறச் சொன்னா வீராப்பு" என்றாள் மாத்திரை அக்கா. சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து இடுப்பில் வாரைக் கட்டினார்கள். அவருடைய செத்த முழங்காலைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் மாத்திரை அக்கா அணைத்துக்கொண்டாள். பயிற்சியாளர் சக்கரத்தைப் பூட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பாதி எழுந்த உடம்பு திடீரென்று மரக்கட்டையாக விறைத்துப் பின்னால் சாய்ந்தது. இருவரும் கட்டிலில் சரிந்தார்கள். மாத்திரை அக்காவின் முழங்கை கட்டில் சட்டத்தில் மோதிய சத்தம் பயிற்சியாளரின் முதுகெலும்பில் கேட்டது. முடிந்தது, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தள்ளறீங்களே, ஏன் தள்ளறீங்க?" மாத்திரை அக்காவின் குரல் கிறீச்சிட்டது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "நீ விட்டுட்டா?" என்றார்.

அவள் முழங்கையைத் தேய்த்தாள். கோபம் வந்த வழியே போயிருந்தது.

"விட்டா நானும்தானே விழுவேன்."

பயிற்சியாளர் கட்டிலருகே குந்தினாள். "சார், சடன் பிரேக் போட்டா உள்ள இருக்கறவங்க எப்படிப் போவாங்க? முன்னாடிதானே? அதே மாதிரி முன்னாடி வாங்க. அக்கா தோள்ல மோதினாலும் பரவாயில்ல."

மறுபடி விளிம்பில் உட்காரவைத்தார்கள். இந்த முறை அவர் எண்ணுவதற்குக் காத்திருக்கவில்லை. தானாகவே முன்னால் சாய்ந்தார். மாத்திரை அக்காவின் குதிகால் தரையில் ஊன்றியது, தொடை இறுகியது, அவர் எழுந்தார். நாலு மாதத்தில் முதல்முறையாகப் பெண்டாட்டியைவிட உயரமாக நின்றார்.

"இப்ப திரும்புங்க, மெதுவா, நாற்காலி பக்கம்."

அவர் திரும்பவில்லை. நல்ல கை எட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"சார், கையை விடுங்க."

"மரம்... எங்க?"

"எதிர்வீட்டுதா? வெட்டிட்டாங்க. ரெண்டு மாசமாச்சு." அவள் குரல் அவர் மார்புக்குள்ளிருந்து நசுங்கி வந்தது.

"சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கலையே."

அவளுடைய கெண்டைக்கால் துடிக்கத் தொடங்கியிருந்தது. முதுகு இழை இழையாக வளைவதைப் பயிற்சியாளர் பார்த்தாள். அந்த விரல்களைப் பிரித்தெடுக்கக் கையைக் கொண்டுபோனாள். ஐந்து விரல்; பிரித்துவிடலாம்.

"பிடிச்சுக்கம்மா" என்றாள் மாத்திரை அக்கா. யாரிடம் சொன்னாள், எதைச் சொன்னாள் என்று யோசிக்க நேரமில்லை. பயிற்சியாளர் கையை இழுத்துக்கொண்டு, அவருக்குப் பின்னாலிருந்து வாரை இரண்டு முஷ்டியாலும் பற்றி, தன் முழங்காலை மடக்கி நின்றாள். மாத்திரை அக்காவின் நடுக்கம் அவர் உடம்பு வழியாக வாரில் ஏறி இவள் மணிக்கட்டுக்கு வந்தது. தெருவுக்கு அப்பால், மரம் நின்ற இடத்தில் வெயில் ஒரு சுவரை முழுதாக நனைத்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.