யாரும் சாகாத படம்

கற்பூரத் தண்ணீரை அக்காவின் தோளில் ஊற்றும்போது அஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தும் நிற்கவில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த கரீமா மாமி நிமிர்ந்து பார்த்தாள். “அரே, பாகல் ஆயிட்டியா புள்ள? பைத்தியமாட்டம் சிரிக்காம தண்ணிய ஊத்து.”

அஸ்ரின் ஊற்றினாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தும் அக்கா அல்மாஸ் புன்னகைப்பது போலவே இருந்தது.

அல்மாஸ் லாகோஸில் வாழ்ந்தவள். அவள் புருஷனுக்கு அங்கே துணிக்கடை. ஊருக்கு வரும்போதெல்லாம் நைஜீரியப் படங்களைக் கொண்டுவருவாள். ஜங்லிகாட்டில் இருக்கும் இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அக்காளும் தங்கையும் பார்ப்பார்கள். அஸ்ரினுக்குப் பாதி புரியாது, அக்கா விளக்குவாள். மச்சான் அங்கேயே காய்ச்சலில் இறந்து, அவள் ஒற்றைப் பெட்டியோடு திரும்பிய பிறகு அது நின்றுபோனது. “எல்லாப் படத்துலயும் சூனியம், சாவு, அழுகை. போதும்டி” என்றுவிட்டாள்.

நேற்று மதியம் அவளாகவே கேட்டாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“லாகோஸ் படம் ஏதாச்சும் போடுடி. யாரும் சாகாத படமாப் பாத்து.”

அஸ்ரின் போனில் தேடி ஒரு காதல் காமெடியைப் பிடித்தாள். சமையல்காரி ஒருத்தி அண்டா குண்டாவோடு தப்பான கல்யாண வீட்டில் இறங்கிவிடுகிறாள். மாப்பிள்ளையின் தம்பி அவளைப் பெண்ணின் சின்னம்மா என்று நினைத்துக் குப்புற விழுந்து வணங்குகிறான். அக்கா இருமிக்கொண்டே சிரித்தாள்.

“இப்படித்தான்டி அங்க, பெரியவங்களக் கண்டா விழுந்துருவானுங்க. உன் மச்சான் மொத நாளு பயந்துபோய்க் கடைக்குள்ள ஓடிட்டாரு.”

மச்சானைப் பற்றி அவள் பேசிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

அஸ்ரின் கஞ்சி எடுக்க அடுப்படிக்குப் போனாள். அறையிலிருந்து சிரிப்புச் சத்தம்.

“நிப்பாட்டு லாத்தா, நானும் வந்துர்றேன்” என்று கத்தினாள்.

வந்து பார்த்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மூச்சில்லை.

சிரித்தது அக்காவா, படத்தில் யாராவதா? ராத்திரி முழுக்க, ஓதும் குரல்களுக்கு அடியிலும் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலை ஃபெரியைப் பிடித்துப் பாராடாங் தீவிலிருந்து வந்த தம்பி சுஹைபும் ஜமாஅத்தாரும் மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அஸ்ரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனை எடுத்தாள். தான் எழுந்துபோன இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டு முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டாள்.

மழை. மூடிய கடை ஒன்றின் தார்ப்பாய்க்கு அடியில் மாப்பிள்ளையின் தம்பியும் சமையல்காரியும் பேசாமல் நிற்கிறார்கள். நெடுநேரம் மழைச் சத்தம் மட்டும். யாரும் சிரிக்கவில்லை.

பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டாள்.

படத்தை அவள் நிறுத்தவில்லை. சண்டைபோட்டுப் போனவளைத் தேடி வந்த அவன், வேறு வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று உருகி உருகி மன்னிப்புக் கேட்கிறான். ஜன்னலைத் திறந்து ஒரு கிழவர் எட்டிப் பார்க்கிறார். ‘சரி, மன்னிச்சுட்டேன், போ’ என்கிறார்.

அஸ்ரின் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் குரல்கள் சட்டென்று நின்றன. சற்றுப் பொறுத்து, கரீமா மாமி மட்டும் விட்ட இடத்திலிருந்து மெல்ல ஓதத் தொடங்கினாள்.