மணமகள் பக்கத்துச் சொத்து

கலியாணத்துக்கு முன் சொத்து உறுதிப் பத்திரம் எழுதி வாசிப்பது தில்லைநாயகிக்குப் புதிய சங்கதி இல்லை. தங்கச்சிமார் இரண்டு பேருக்கும் சீதன உறுதி வாசித்தபோது வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தவளே அவள்தான். அவளுக்கென்று ஒரு உறுதி வாசிக்க நாற்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது. அதுவும் சுவிஸில், பாடன் நகரத்தில், 1988 மார்கழிக் குளிரில், உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில்.

மாப்பிள்ளையின் பெயர் ஓட்டோ; சுவிஸ்காரர், ஓய்வுபெற்ற ரயில்காரர், வயது அறுபத்தாறு. தில்லைநாயகி உடுப்புத் தோய்க்கும் முதியோர் இல்லத்தில்தான் அவருடைய மனைவி கண்ணை மூடினார். அதற்குப் பிறகும் மனுசன் ஞாயிறு தவறாமல் வந்தார். யாரைப் பார்க்க வருகிறார் என்பது எல்லோருக்கும் விளங்கிய பிறகுதான் தில்லைநாயகிக்கு விளங்கியது. மூன்று வருடமாக ஒற்றை அறையில் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டில் ஒருவர் காத்திருப்பார் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

மேசையின் ஒரு பக்கம் ஓட்டோவும் அவருடைய மகனும் மகளும். மறுபக்கம் அவள். பெண் வீட்டார் என்று சொல்ல ஈ காக்கைகூட இல்லை. மொழிபெயர்க்கப் பக்கத்து நகரமான ஆராவிலிருந்து நொத்தாரிசு கூப்பிட்ட சச்சிதானந்தனைச் சொந்தக்காரர் கணக்கில் சேர்க்க முடியுமா?

நொத்தாரிசு வாசித்தார். வீடு ஓட்டோவினுடையது, அவருக்குப் பிறகு பிள்ளைகளுடையது. தில்லைநாயகி எதிலும் உரிமை கேட்கமாட்டாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்தவர் முதுசத்தில் கைவைக்க அவள் என்ன கள்ளியா?

"தங்கச்சி, இதைக் கவனமாக் கேளும்," என்றார் சச்சிதானந்தன். "அவர் முதல் செத்தா, நீர் மூண்டு மாதத்துக்குள்ள வீட்டை விட்டு எழும்ப வேணுமாம்."

ஊரில், பலாலியில், வீட்டை விட்டு எழும்ப ஆமிக்காரர் அரை மணித்தியாலம் தந்தார்கள். இங்கே மூன்று மாதம். முன்னேற்றம்தான்.

அவள் ஓட்டோவைப் பார்த்தாள். 'அவள் இருக்கட்டும்' என்று அவர் சொன்னால் போதும். ஆனால் மனுசன் வாயில் கொழுக்கட்டை. மடியில் வைத்த தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வையாதையும்," என்றார் சச்சிதானந்தன், மெதுவாக.

வைக்காமல் எங்கே போவது? அந்தச் சுவரிடமா?

நொத்தாரிசு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மணமகளின் சொத்து: ஒன்றுமில்லை.

"ஆர் சொன்னது?" தில்லைநாயகி கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உறுதியை எடுத்து மேசையில் வைத்தாள். "பலாலியில எனக்கு வீடு இருக்கு. அப்பா சீதனமெண்டு என்ரை பேரில எழுதினது. எழுதச் சொல்லுங்கோ அண்ணை."

வீடு இருந்தது, மாப்பிள்ளைதான் அப்போது வரவில்லை.

பெறுமதி என்ன என்று மகன் கேட்டான்.

"இப்ப ஆமி இருக்கு. கூரை ஓடும் மரமும் அவையின்ரை பங்கருக்குப் போயிட்டுது எண்டு தங்கச்சி எழுதினவள்."

நொத்தாரிசு பெறுமதி எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"இன்னும் முடியேல்லை அண்ணை. இதையும் எழுதச் சொல்லுங்கோ. நான் முதல் செத்தா, இவர் சாகுமட்டும் அந்த வீட்டில இருக்கலாம். ஒருத்தரும் இவரை எழுப்பக் கூடாது."

சச்சிதானந்தன் அதை ஜெர்மனில் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டார். மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நொத்தாரிசு அதையும் எழுதிச் சேர்த்தார். அவளுக்கு வைத்த மூன்று மாதக் கெடு மட்டும் மாறாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. தில்லைநாயகி முழுப்பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டோ அவளுக்குக் குடை பிடித்தார். பஸ் தரிப்பிடம் வந்த பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

"அந்த வீட்டில் குளிருமா?"

அவள் காத்திருந்த சொல் அது இல்லை. என்றாலும் அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் பதில் சொன்னாள்.

"குளிராது. கூரைதான் இல்லை."